எல்லையூரிலிருந்து சென்னைக்குக் குடிபெயர்வோர் வீடு தேட வேண்டிய முறை

நகரி, ஏகாம்பரகுப்பம், புத்தூர், நாகலாபுரம், சத்தியவேடு, சூலூர்பேட்டை போன்ற ஆந்திர எல்லையூர்களிலிருந்து வேலைக்காகச் சென்னைக்குக் குடிபெயரும் தமிழ்க் குடும்பங்கள், பெரும்பாலும் வாடகைத் தொகையைப் பார்த்தோ, முன்னமே அங்கே குடியேறிய சொந்தக்காரர் ஒருவரின் தெருவை ஒட்டியோ வீட்டை முடிவு செய்துவிடுகின்றன. இரண்டும் தவறான காரணங்கள் அல்ல. ஆனால் இரண்டும் கடைசியில் பார்க்க வேண்டியவை. தொலைவான மாவட்டங்களிலிருந்து வருபவர்கள் பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் ஊருக்குப் போனால் போதும் என்று இருந்துவிடுவார்கள். நமக்கு ஊர் நூறு கிலோமீட்டர் அளவில்தான் இருக்கிறது. அங்கே தறியோ மாந்தோப்போ வயதான பெற்றோரோ இருப்பதால் மாதம் ஓரிரு முறையாவது போய்வர வேண்டியிருக்கும். அவர்களும் மருத்துவத்துக்காக இங்கே வந்துபோவார்கள். ஆகவே வேலைக்குப் போகும் வழியையும் ஊருக்குப் போகும் வழியையும் சேர்த்து வைத்துப் பார்த்து, இரண்டும் பொருந்திவரும் பகுதிகளை முதலில் குறித்துக்கொள்ள வேண்டும். அப்பகுதிகளில் குடிநீர் எப்படி வருகிறது, மழைநீர் எப்படி வடிகிறது என்று விசாரிப்பது அடுத்த வேலை. வாடகை பேசுவது அதற்கும் பிறகுதான்.

‘சென்னை’ என்ற முகவரியை மட்டும் நம்ப முடியாது. 2011இல் மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது; ஆவடியும் தாம்பரமும் இன்று தனி மாநகராட்சிகள். ஒரே நகரத்துக்குள் இருக்கும் இரண்டு தெருக்களுக்கு இடையே இரண்டு மணி நேரப் பயணம் இருக்கலாம்.

வழி

எல்லையூர்களிலிருந்து சென்னைக்குள் நுழைய மூன்று முக்கிய வழிகள் உள்ளன. முதலாவது மேற்கு வழி. ரேணிகுண்டாவிலிருந்து புத்தூர், நகரி, திருத்தணி, அரக்கோணம், திருவள்ளூர், ஆவடி, அம்பத்தூர், வில்லிவாக்கம், பெரம்பூர் வழியாகச் சென்ட்ரலுக்குச் செல்லும் ரயில் பாதையும், பாடியிலிருந்து ஆவடி, திருவள்ளூர், திருத்தணி வழியாகப் புத்தூருக்கு வரும் நெடுஞ்சாலையும் இதில் அடங்கும். அச்சாலையின் சென்னைப் பகுதியை அங்கே சி.டி.எச். சாலை என்பார்கள். இரண்டாவது வடக்கு வழி. சூலூர்பேட்டை, தடா, கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, மீஞ்சூர், எண்ணூர், திருவொற்றியூர் வழியாகப் புறநகர் மின்சார ரயில்களும், அதற்குச் சற்று மேற்கே ஜி.என்.டி. சாலை எனப்படும் வடக்கு நெடுஞ்சாலையும் செல்கின்றன. மூன்றாவது, நாகலாபுரம், ஊத்துக்கோட்டை, பெரியபாளையம், செங்குன்றம் வழியாகச் செல்லும் பேருந்துச் சாலை. சத்தியவேட்டுக்காரர்களுக்கும் இதுவே பெரும்பாலும் வசதி. ஆந்திரத்துக்குச் செல்லும் பேருந்துகளுக்காக 2018இல் திறக்கப்பட்ட மாதவரம் பேருந்து நிலையம் பின்னிரு வழிகளுக்கும் வாசல் போன்றது.

உங்கள் ஊர் எந்த வழியில் இருக்கிறதோ அந்த வழியின் சென்னை முனையில் வீடு தேடுவதே இயல்பான தொடக்கம். நகரி, புத்தூர்க்காரர்களுக்குப் பெரம்பூர் முதல் திருநின்றவூர் வரையிலான பகுதியும், சூலூர்பேட்டை, தடாக்காரர்களுக்குத் திருவொற்றியூர், மீஞ்சூர், பொன்னேரிப் பகுதியும், சத்தியவேடு, நாகலாபுரத்துக்காரர்களுக்குச் செங்குன்றம், மாதவரம், கொளத்தூர்ப் பகுதியும் ஊருக்குப் போக வசதியானவை. இந்த வசதி வேலைக்கும் பொருந்துகிறதா என்பதை அடுத்துப் பார்க்க வேண்டும்.

அம்பத்தூர் தொழிற்பேட்டை, ஆவடியின் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலைகள், பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலை, 2024இல் பட்டாபிராமில் திறக்கப்பட்ட டைடல் பூங்கா ஆகியவற்றில் வேலை என்றால் மேற்கு வழிக்காரர்கள் தயங்கவே வேண்டியதில்லை. அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குப் பட்டரவாக்கம் நிலையத்தில் இறங்குவதுதான் பல தொழிற்கூடங்களுக்குச் சுருக்கமான வழி. ஆகவே வீட்டுக்கு அருகில் உள்ள நிலையம் எது என்பதோடு, வேலையிடத்துக்கு அருகில் உள்ள நிலையம் எது என்பதையும் கேட்டு வையுங்கள். மணலி, எண்ணூர், கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலைகளில் வேலை என்றால் வடக்கு வழி பொருந்தும். அண்ணா சாலை, சைதாப்பேட்டை, கிண்டி, விமான நிலையம் ஆகிய இடங்களில் வேலை செய்பவர்கள் வடக்கு வழியில் குடியிருந்தால், 2021 முதல் விம்கோ நகரிலிருந்து நேராக மெட்ரோ ரயிலில் போகலாம். இந்த ஒரு வசதிக்காகவே திருவொற்றியூரையும் தண்டையார்பேட்டையையும் நான் பலருக்குச் சொல்லியிருக்கிறேன். மேற்கு வழிக்காரர்கள் சென்ட்ரலில் இறங்கி, சாலையைக் கடந்து பூங்கா நிலையத்தில் தாம்பரம் வண்டியைப் பிடிக்கலாம், அல்லது சென்ட்ரலிலேயே மெட்ரோவுக்கு மாறலாம்.

பழைய மகாபலிபுரம் சாலையில் வேலை கிடைத்தவர்களுக்குத்தான் கணக்கு கடினம். ஆவடியிலிருந்து சோழிங்கநல்லூர் போக வேண்டுமென்றால் சென்ட்ரல் வரை ஒரு வண்டி, பூங்கா நகரிலிருந்து பறக்கும் ரயிலில் திருவான்மியூர் வரை இன்னொரு வண்டி, அதன் பிறகு பேருந்து என்று ஒரு நாளில் நான்கு மணி நேரத்துக்கும் மேல் வழியிலேயே போய்விடும். மாதம் இரண்டு நாள் ஊருக்குப் போவதற்காக இருபத்தைந்து நாள் இந்தச் சுமையை ஏற்பது சரியல்ல. அவர்கள் தெற்கே, வேலையிடத்துக்கு அருகிலேயே குடியேறி, ஊருக்குப் போவதைக் குறைத்துக்கொள்வதே நல்லது என்பது என் உறுதியான எண்ணம். மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரையிலும், மாதவரத்திலிருந்து சோழிங்கநல்லூர் வரையிலும், கலங்கரை விளக்கத்திலிருந்து பூவிருந்தவல்லி வரையிலும் 118.9 கிலோமீட்டருக்கு மெட்ரோவின் இரண்டாம் கட்டம் திட்டமிடப்பட்டிருப்பது உண்மை. வீட்டுத் தரகர்கள் அதைச் சொல்லியே வாடகையை ஏற்றுவார்கள். நீங்கள் குடியேறும் நாளில் எந்த நிலையத்துக்கு ரயில் ஓடுகிறதோ அதை மட்டும் கணக்கில் வையுங்கள். ஓடாத ரயிலுக்கு வாடகை கொடுக்க வேண்டாம்.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் தொழிற்சாலைகளில் சேர்பவர்கள், வீடு பார்க்கத் தொடங்கும் முன் நிறுவனத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும்: கம்பெனி பஸ் எந்தெந்த ஊர்களில், எத்தனை மணிக்கு நிற்கும்? அது நிற்கும் இடத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் வீடு அமைந்தால், இரவுப் பணி முடிந்து வரும் நாளிலும் கவலை இல்லை. திருவள்ளூரில் நிற்குமானால் உங்களுக்கு ரயிலும் கிடைக்கிறது, வாடகையும் குறைகிறது.

ஒரு பகுதி மனத்துக்குப் பிடித்ததும், வேலைநாள் ஒன்றில், வேலைக்குப் போகும் அதே நேரத்தில், அங்கிருந்து வேலையிடம் வரை போய்ப் பாருங்கள்; மாலையில் திரும்பியும் வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் வீடு காட்டும் தரகர் ‘இருபது நிமிடம்’ என்று சொல்வது அந்த நேரத்துக்கு உண்மையாகவே இருக்கும். காலை எட்டரைக்குப் பெரம்பூரில் ஏற முடிகிறதா, நிலையத்திலிருந்து வீடு வரை ஷேர் ஆட்டோ இரவு பத்து மணிக்கும் ஓடுகிறதா, அந்தத் தெருவில் விளக்கு எரிகிறதா என்பதெல்லாம் நேரில் போனால்தான் தெரியும். வீட்டில் வேலைக்குப் போகும் பெண்கள் இருந்தால், மாநகரப் பேருந்தில் சாதாரணக் கட்டண வண்டிகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பதால், அவ்வகை வண்டிகள் அடிக்கடி வரும் சாலையில் குடியிருப்பது மாதச் செலவில் நல்ல தொகையை மிச்சப்படுத்தும்.

முதியோரை மருத்துவமனைக்கு அழைத்துப் போவதையும் இதனுடன் யோசிக்க வேண்டும். ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை சென்ட்ரலுக்கு எதிரிலும், ஸ்டான்லி மருத்துவமனை வடசென்னையிலும், குழந்தைகள் மருத்துவமனை எழும்பூரிலும் இருக்கின்றன. ஊரிலிருந்து வரும் அம்மாவை மூன்று வண்டி மாற்றி அழைத்துப் போக வேண்டிய நிலை இல்லாமலிருந்தால், அந்த வீட்டுக்கு ஓர் ஐந்நூறு ரூபாய் வாடகை கூடுதலாகக் கொடுப்பது தகும்.

தண்ணீர்

சென்னையில் ஒரே வீடு மே மாதத்தில் ஒரு விதமாகவும் நவம்பர் மாதத்தில் வேறு விதமாகவும் இருக்கும். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் கொண்டுவர வேண்டியிருந்தது. 2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரிலும் நகரின் பெரும்பகுதி நீரில் நின்றது. ஆகவே வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு வகைப்படும்.

முதலாவது குடிநீர். ‘தண்ணீர் வசதி உண்டா?’ என்று கேட்டால் எல்லோரும் உண்டு என்றே சொல்வார்கள். மெட்ரோ வாட்டர் இணைப்பு குழாயில் வருகிறதா, எத்தனை நாளுக்கு ஒரு முறை, எத்தனை மணி நேரம் வருகிறது, சம்ப்பின், அதாவது நிலத்தடித் தொட்டியின் அளவு என்ன, போர் எத்தனை அடி, போர் தண்ணீர் உப்பா, கோடையில் லாரித் தண்ணீர் வாங்கினால் அதை யார் பணத்தில் வாங்குவது என்று பிரித்துப் பிரித்துக் கேட்க வேண்டும். கடைசிக் கேள்விக்கு விடை ஒப்பந்தத்தில் எழுத்தாக இருக்க வேண்டும். பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டிய பல அடுக்குமாடிக் குடியிருப்புகள் நெடுங்காலமாக லாரித் தண்ணீரை நம்பியே இருப்பவை என்பதால், அங்கே பராமரிப்புக் கட்டணத்துக்கு மேல் தண்ணீருக்குத் தனித்தொகை வருவது வழக்கம். மீஞ்சூர்ப் பகுதியில், பல பத்தாண்டுகளாக ஆழ்குழாய்க் கிணறுகளிலிருந்து அளவுக்கு மீறி நீர் இறைத்ததால் கடல்நீர் நிலத்தடியில் வெகுதூரம் உள்ளே ஏறியிருக்கிறது. அங்கே போர் தண்ணீரை ஒரு குவளையில் பிடித்து வாயில் வைத்துப் பார்க்காமல் வீட்டை முடிவு செய்யாதீர்கள்.

இரண்டாவது, மழைநீர். இதில் எல்லையூர்க்காரர்களுக்குப் பிறரை விடக் கூடுதலாகத் தெரிய வாய்ப்புண்டு, ஏனெனில் வடசென்னையைத் தொடும் வெள்ளத்தின் ஒரு பங்கு நம் மலைகளில் பெய்த மழைதான். பிச்சாட்டூர் அணை நிரம்பித் திறந்தால் ஆரணியாறு ஊத்துக்கோட்டையைக் கடந்து பொன்னேரிப் பக்கத்து ஊர்களைச் சூழ்கிறது. கார்வேட்டிநகரம் பக்கத்து அம்மபள்ளி அணை திறந்தாலும், நகரி ஆறு பெருகினாலும் அந்த நீர் பூண்டிக்குப் போய்ச் சேர்கிறது. பூண்டியிலிருந்து உபரி நீரைத் திறந்தால் கொசஸ்தலையாறு மணலி புதுநகரையும் எண்ணூரை ஒட்டிய தாழ்வான பகுதிகளையும் தொட்டுக்கொண்டுதான் கடலுக்குப் போக வேண்டும். எனவே அப்பகுதிகளில் வீடு பார்ப்பவர்கள், தெருவில் நிற்கும் மழைநீரை மட்டும் விசாரித்தால் போதாது. பூண்டி திறந்த ஆண்டுகளில் தண்ணீர் எந்த வீடு வரை வந்தது என்று கேட்க வேண்டும். கொளத்தூர், வியாசர்பாடி, புளியந்தோப்பு போன்ற இடங்களில் ஆற்று வெள்ளம் வராமலேயே, வடிகால் போதாமல் நீர் தேங்குவது உண்டு. தெற்கே வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் ஆகியவை சதுப்புநிலத்தை ஒட்டியவை. முடிச்சூர், வரதராஜபுரம் ஆகியவை அடையாற்றின் கரையோரம்.

இப்பெயர்களைச் சொல்வதால் அப்பகுதிகளையே தவிர்க்க வேண்டும் என்று பொருளல்ல. ஒரே நகரில் ஒரு தெரு மேடாகவும் அடுத்த தெரு பள்ளமாகவும் இருக்கிறது. தேர்ந்தெடுக்க வேண்டியது தெருவைத்தான். வெளிச்சுவரில் நீர் நின்ற கறைக் கோடு இருக்கிறதா, புதிதாகப் பூசிய வண்ணம் இடுப்பளவோடு நின்றுவிடுகிறதா, சாலையை உயர்த்தி உயர்த்திப் போட்டு வீட்டு வாசல் பள்ளமாகிவிட்டதா, மின்மீட்டர்ப் பெட்டி எந்த உயரத்தில் பொருத்தப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். பிறகு வீட்டுக்காரரையும் தரகரையும் விட்டுவிட்டு, எதிர் மளிகைக்கடைக்காரரிடமும், துணி தேய்ப்பவரிடமும், ஆட்டோ நிறுத்தத்தில் இருப்பவர்களிடமும் ‘2015இல் இங்கே எத்தனை அடி தண்ணீர்? 2023இல் எத்தனை நாள் கரண்ட் இல்லை?’ என்று கேளுங்கள். அவர்களுக்கு மறைக்கக் காரணம் எதுவும் இல்லை. முதியோர் இருக்கும் குடும்பம் மாடி ஏற முடியாமல் தரைத்தளம் கேட்பது இயல்பு; அப்படியானால் இந்த விசாரணையில் துளியும் சலிப்புக் காட்டக் கூடாது.

வடக்கு வழியில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். எண்ணூர், மணலி, அத்திப்பட்டுப் பகுதிகளில் அனல்மின் நிலையங்களும் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையும் இருக்கின்றன. மூச்சுத்திணறல் உள்ள குழந்தையோ பெரியவரோ வீட்டில் இருந்தால், வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் ஆலைகளை ஒட்டிய தெருக்களை விட்டு விலகி, பொன்னேரிப் பக்கமோ மாதவரம் பக்கமோ பார்ப்பது நல்லது.

பள்ளி

வீட்டில் தமிழ் பேசினாலும், எல்லைக்கு அந்தப் பக்கம் படிக்கும் நம் பிள்ளைகளில் பலர் தெலுங்கில் எழுதப் படிக்கிறார்கள். தமிழ்நாட்டில் 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டப்படி பத்தாம் வகுப்பு வரை தமிழ் கட்டாயப் பாடம். மூன்றாம், நான்காம் வகுப்பில் வந்து சேரும் பிள்ளை ஓராண்டில் பழகிவிடும். எட்டு, ஒன்பதாம் வகுப்பில் வரும் பிள்ளைக்கு, தமிழில் பேசத் தெரிந்தும் தேர்வில் ஒரு பக்கம் எழுத முடியாத நிலை பெரும் மனவருத்தத்தைத் தரும். அத்தகைய பிள்ளை இருந்தால், வீடு தேடும் முன் பள்ளியைத் தேடி, மொழிப்பாடத்தில் என்ன வழி உண்டு என்று தலைமையாசிரியரிடம் தெளிவாகப் பேசிவிட்டு, அந்தப் பள்ளியைச் சுற்றி வீடு பாருங்கள். தியாகராய நகரின் கேசரி மேல்நிலைப் பள்ளி, ஜார்ஜ் டவுனில் கன்னிகா பரமேசுவரி தேவஸ்தானம் நடத்தும் பள்ளிகள் போன்று தெலுங்கர்கள் நிறுவிய பழைய பள்ளிகள் நகரில் இருக்கின்றன. தெலுங்கு கற்பிக்கும் நிலை இப்போது எந்த வகுப்பு வரை இருக்கிறது என்று அங்கேயே விசாரித்துக்கொள்ளலாம். பொதுத்தேர்வு எழுதும் ஆண்டில் இருக்கும் பிள்ளையை மட்டும் இடம் மாற்றாதீர்கள். குடும்பத்தில் ஒருவர் முன்னால் போய் ஓராண்டு தனியே தங்குவது அதைவிட எளிது.

அட்வான்ஸும் ஒப்பந்தமும்

தமிழ்நாட்டில் வாடகைதாரர், வீட்டுக்காரர் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகார அமைப்பிடம் பதிவு செய்யப்பட வேண்டும் என்று அது சொல்கிறது. அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேற்படக் கூடாது என்பது அதன் பொதுவிதி. ஆனால் ஒப்பந்தத்தில் இருவரும் வேறு தொகைக்கு இசைந்தால் அது செல்லும். பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்கும் பழைய வழக்கம் இன்னும் சில இடங்களில் இருப்பதால், விதியைச் சொல்லிப் பேரம் பேசத் தயங்க வேண்டாம். கொடுப்பதை வங்கி வழியாகக் கொடுங்கள். காலி செய்யும்போது வண்ணம் பூசுவதற்கு எவ்வளவு பிடிப்பார்கள் என்பதையும் எழுதி வாங்குங்கள். தரகருக்கு ஒரு மாத வாடகை கொடுப்பது வழக்கம். டூ-லெட் பலகை பார்த்து நேராகப் போனால் அதுவும் மிச்சம்.

மின்கட்டணத்தில் ஆந்திரப் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். அங்கே மாதா மாதம். இங்கே இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கணக்கெடுப்பார்கள், வீட்டு இணைப்புக்கு முதல் 100 யூனிட் இலவசம், அளவு கூடக்கூட யூனிட் விலையும் கூடும். மூன்று குடும்பங்களுக்கு ஒரே ஈபி மீட்டர் வைத்து, உள்மீட்டரில் யூனிட்டுக்கு இவ்வளவு என்று வசூலிக்கும் வீட்டில் இந்தச் சலுகையின் பயன் உங்களுக்கு வராது. உங்கள் போர்ஷனுக்குத் தனி இணைப்பு உண்டா என்று பாருங்கள்.

வாடகைக்குப் பதில் சில லட்சங்களை மொத்தமாகக் கொடுத்து லீஸுக்கு, அதாவது போக்கியத்துக்குப் போக விரும்புபவர்கள் மிகுந்த எச்சரிக்கையோடு இருக்க வேண்டும். வீட்டின் பேரில் வங்கிக் கடன் நிலுவையில் இருந்து, அதை வீட்டுக்காரர் கட்டாமல் விட்டால், வங்கி வீட்டை எடுக்க வரும்போது உங்கள் பணம் சிக்கிக்கொள்ளும். வில்லங்கச் சான்று எடுத்துப் பார்த்து, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யாமல் பெரிய தொகையைக் கொடுக்கவே கூடாது.

குடியேறிய பின் வாகனத்தையும் கவனியுங்கள்: ஆந்திரப் பதிவெண் உள்ள வண்டியைப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் தமிழ்நாட்டில் வைத்திருந்தால், பழைய ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தடையில்லாச் சான்று வாங்கி இங்கே மறுபதிவு செய்ய வேண்டும்.

வீடு தேட எது நல்ல காலம் என்று கேட்பவர்களுக்கு நான் மார்கழியைச் சொல்வேன். அப்போது மழை ஓய்ந்திருக்கும், சுவரில் ஈரக்கறை மறைந்திருக்காது, தேங்கிய நீரை அக்கம்பக்கத்தார் மறந்திருக்க மாட்டார்கள். மார்கழியில் குடிபோகக் கூடாது என்று பலர் ஒதுங்கியிருப்பதால் போட்டியும் குறைவு. ஒரு மாதம் வீடு காலியாகக் கிடக்கும் நிலையில் இருக்கும் வீட்டுக்காரர் வாடகையில் சற்று இறங்கி வருவார். சிறு தொகை கொடுத்து உறுதி செய்துவிட்டுத் தை பிறந்ததும் பால் காய்ச்சலாம். பிள்ளைகளின் பள்ளி ஆண்டு முடிய வேண்டுமென்றால் சித்திரையில் மீண்டும் ஒருமுறை போய், அதே வீட்டில் குழாயைத் திறந்து பார்த்துவிட்டு, வைகாசியில் சாமான்களை ஏற்றலாம்.